ஒதீல் மிதித்த இடமெல்லாம்

குவாதலூப் தீவில், கடலின் இரைச்சல்கூட மூச்சு வாங்கி நின்றுவிடும் உயரத்தில், நான்கு பக்கமும் கரும்பு சூழ்ந்து கிடந்த மோர்ன் சாவான் என்ற ஊரில், ஒதீல் வீராபென் வயசுக்கு வந்த காலையில் அவள் மிதித்த இடமெல்லாம் கடல்நீர் ஊறியது. தெருக்குழாயிலிருந்து வாளியோடு வந்தவள் திரும்பிப் பார்த்தபோது, செம்மண்ணில் அவள் கால் பதிந்த ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் நிறைந்து, ஓரத்தில் நுரை கட்டி, குதிகால் அழுந்திய ஆழமான பக்கத்தில் நகம் அளவு நண்டு ஒன்று பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தது. வாளி ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். தூக்கி அடியைப் பார்த்தாள். வாளி நன்றாகத்தான் இருந்தது.

அவள் அம்மா செவ்ரின் வாசலில் நின்று மகளின் பாவாடையைப் பார்த்தாள், பிறகு மகளின் பின்னால் வந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"உள்ளே வா. துணியை மாத்து. தரையெல்லாம் உப்பாக்காதே" என்றாள். சாக்கை எடுத்து மகள் நடந்த பலகைத் தரையைத் துடைத்தாள். நண்டைப் பிடித்து வெளியே எறிந்தாள். அன்றைக்கு நடந்த சடங்கு அவ்வளவுதான்.

அந்த ஊர்க்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் தமிழ் நாட்டுக் கரையிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேற்றப்பட்டவர்கள். துறைமுகத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதில் வீரப்பன் வீராபென் ஆனான், மாரியம்மன் மாலியேமின் ஆனாள், வீட்டுப் பேச்சு தீவின் கலப்பு மொழியான கிரயோல் பேச்சாகிப்போனது. கோயிலில் பாடும் பாட்டு மட்டும் தமிழாகவே இருந்தது, அதன் அர்த்தம் பாடுகிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. தெரியாததனால் பயம் அதிகமாக இருந்தது. பயம் அதிகமாக இருந்ததனால் அர்த்தம் சொல்கிறவன் சொன்னதெல்லாம் செல்லுபடியானது.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு மான் தீதீ. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். மான் என்று சேர்த்துக் கூப்பிடுவது அங்கே மூத்த பெண்களுக்கான மரியாதை, அவளுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். வாசலில் இருந்த ஒரு காலடியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"நல்ல உப்பு" என்றாள். "கடையில விக்கிற உப்பைவிட நல்லா இருக்கு. ஏண்டி ஒதீல், கொஞ்சம் எங்க வாசல் பக்கமும் நடந்துட்டுப் போயேன். குறைஞ்சா போயிடுவே?"

ஒதீல் நடந்தாள். மெதுவாக நடந்தால் பொடி இறாலும் நெத்திலியும் ஊறும் என்றும், ஓடினால் சங்கரா மீன் வரும் என்றும், குதித்தால் கையளவு நண்டு வரும் என்றும், கோபத்தில் காலை உதைத்தால் மட்டும் கடல் முள்ளெலி எனும் கறுப்பு முள் உருண்டைகள் வந்து எடுப்பவன் கையைக் குத்தும் என்றும் ஊர் சீக்கிரமே தெரிந்துகொண்டது. கடையில் தொங்கும் காய்ந்த கருவாட்டைத் தவிர வேறு மீன் வாசனை அறியாத அந்த ஊரில் சட்டிகள் கொதித்தன, வாழையிலைக்குள் வைத்துச் சுட்டார்கள், மிளகாயும் எலுமிச்சையும் போட்டு ஊறவைத்தார்கள், குழந்தைகளின் கன்னம் உப்பியது, கோழிகள்கூட இறால் தலையைத் தவிர வேறெதையும் கொத்த மறுத்தன. அதிசயம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சுரைக்குடுவையும் தட்டுமாக வந்து, "இந்தப் பக்கம் திரும்பு", "அங்கே ஆழமா மிதி", "சின்னவன் சங்கரா கேட்கிறான், கொஞ்சம் ஓடு" என்று சொல்வதற்கு மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது. நன்றாக இருக்கிறாயா, கால் வலிக்கிறதா என்று கேட்க ஒரு ஆளுக்கும் வாய் வரவில்லை. செவ்ரினும் மீன் பொரித்தாள், தின்றாள். அதையும் மறைப்பதற்கில்லை.

ஒதீலுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். தோட்டத்துப் பிள்ளைகளில் அதுவரை யாரும் தேறாத பரீட்சையில் அவள் தேறியிருந்தாள். கீழே பட்டணத்தில் பெண்கள் தங்கிப் படிக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அக்டோபரின் முதல் திங்கட்கிழமை கதவு திறக்கும், அன்றைக்கு வந்து நிற்காதவளின் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். ஒதீல் நடக்கும்போதெல்லாம் அந்தக் கதவை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் அவள் காலை மட்டும்தான் பார்த்தார்கள்.

புயல் மாதங்கள் வந்தபோது பாதையோரத்துக் கரும்பு மஞ்சளாகியது. தோகை காய்ந்து, கணு சுருங்கி, ஆலையில் பிழிந்த சாறு உப்புக் கரித்தது. தோட்டத்து மேலாள் முசே கோர்பே, முசே என்றால் அங்கே துரை, கோவேறு கழுதைமேல் ஏறிக் கோயில் வாசல்வரை வந்து, இறங்காமலே பேசினான்.

"அந்தப் பெண் இனி என் மண்ணில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் இந்த ஊரில் ஒருவனுக்கும் அறுப்பு வேலை கிடையாது. வீடும் கிடையாது. வீடெல்லாம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்."

தெரியும். வீடும் தோட்டத்தினுடையது, பாதையும் தோட்டத்தினுடையது, செத்தால் புதைக்கிற மேடும் தோட்டத்தினுடையது.

உடனே ஊர் கூடியது. நேற்றுவரை தின்ற மீனின் முள் பல்லிடுக்கில் இருக்கும்போதே கூடியது. பூசாரி சின்னாதாம்பி, அங்கே பூசாரியை வாத்தியார் என்பார்கள், மஞ்சள் வேட்டி கட்டி, மேளம் முழங்க, இரண்டு பேர் பிடித்த கொடுவாளின் கூரான விளிம்பின்மேல் வெறுங்காலோடு ஏறி நின்றார். காலில் ரத்தம் வராது. அம்மன் வருவாள். அம்மன் அவர் வாயால் நீண்ட நேரம் தமிழில் பேசினாள். பேசி முடித்துப் போனாள். அவர் கீழே இறங்கி, ஒரு குவளை ரம் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அம்மன் சொன்னது இதுதான் என்றார்: பழைய முறையை நாம் விட்டுவிட்டோம், அதனால் வந்த வினை, வயசுக்கு வந்த பெண்ணைத் தோகைக் குடிசையில் தனியே வைக்க வேண்டும், கால் மண்ணில் படக்கூடாது. முசே கோர்பே கேட்டதும் அம்மன் கேட்டதும் ஒன்றாகவே இருந்தது ஒருவருக்கும் உறுத்தவில்லை.

குடிசை எப்படிக் கட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. எந்தப் பக்கம் வாசல், எந்தத் தட்டில் சோறு, யார் தொடலாம், யார் தொடக்கூடாது, எல்லாம் நினைவிருந்தது. பெண்ணை எப்போது வெளியே விட வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை. கப்பலில் வந்தவர்கள் முறையின் முதல் பாதியை மட்டும் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். மறுபாதி நடுக்கடலில் விழுந்ததா, கரையிலேயே விட்டுவிட்டு வந்தார்களா, யாருக்குத் தெரியும்.

குடிசையைச் செவ்ரின் வீட்டுக்குப் பின்னால், தரைக்கு மேலே பலகை போட்டு, கரும்புத் தோகையால் கட்டினார்கள். கடைசித் தோகையைச் செவ்ரின்தான் கட்டினாள். ஒதீல் உள்ளேயிருந்து அம்மாவின் விரல்கள் முடிச்சை இறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரே, எப்போ வெளியே விடுவீங்க?" என்று கேட்டாள்.

"முறை முடியும்போது."

"முறை எப்போ முடியும்?"

"அது பெரியவங்களுக்குத்தான் தெரியும்."

"இந்த ஊர்ல பெரியவங்க யாரு?"

"நான்தான்."

"அப்போ சொல்லுங்க."

"பாத்தியா, பரீட்சை தேறின வாய் எப்படிப் பேசுதுன்னு" என்றார் சின்னாதாம்பி, செவ்ரினைப் பார்த்து. செவ்ரின் முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

இதில் வயிறு எரியும் பகுதி இனிமேல்தான். கால் மண்ணில் படக்கூடாது என்று தீர்ப்புச் சொன்ன அதே ஊர், அந்த வாரமே தாம்பாளத்தில் மண்ணை நிரப்பிக்கொண்டு வந்து தோகைக்கு அடியால் உள்ளே தள்ளியது. தாம்பாளத்து மண் தோட்டத்து மண் ஆகாது என்று சின்னாதாம்பி விளக்கம் சொன்னார். "ஒரே ஒரு மிதி ஒதீல், விருந்தாளி வந்திருக்காங்க" என்றார்கள். "புண்ணியமாப் போகும், எங்க வீட்டுல காய்ச்சல்" என்றார்கள். மீனை எடுத்துக்கொண்டு, உப்பான மண்ணைக் குடிசைக்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, குடிசையின் தீட்டு ஒட்டாமலிருக்க வாசலில் கை கழுவிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமைகளில் முசே கோர்பேயின் சமையல்காரியும் வந்தாள். அவள் கொண்டுவந்த தாம்பாளம் பீங்கானாக இருந்தது.

ஒதீல் முதலில் மிதித்தாள். பிறகு காலை உதைத்து மிதித்தாள். முள் உருண்டைகள் வந்தன. மான் தீதீ கட்டைவிரலைச் சப்பிக்கொண்டே வெளியே நின்று கத்தினாள்: "இந்தக் கொழுப்பெல்லாம் யார்கிட்டடி காட்டுறே? நாங்க இல்லேன்னா உன்னைத் தூக்கிக் காட்டுல போட்டிருப்பான் கோர்பே!" அப்புறம் உருண்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சதை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எலுமிச்சை பிழிந்தால் அதுவும் ருசியாக இருந்தது. அவள் கோபத்தையும் தின்றார்கள். அதன் பிறகு ஒதீல் எந்தத் தாம்பாளத்திலும் கால் வைக்கவில்லை.

செப்டம்பர் போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் செவ்ரின் குடிசைக்கு வெளியே உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தோகை இடுக்கில் மகளின் ஒரு கண் தெரிந்தது.

"மம்மா, உன்னையும் இப்படி வெச்சாங்களா?"

"வெச்சாங்க."

"நீ எப்படி வெளியே வந்தே? அதைச் சொல்லு. அந்த முறையை அவங்ககிட்டச் சொல்றேன். திங்கட்கிழமைக்குள்ள விட்டுடுவாங்க."

செவ்ரின் சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"முறையாவது ஒண்ணாவது. அறுப்புக்கு ஆள் பத்தல. இந்தக் கோர்பேயோட அப்பன் வந்து தோகையைப் பூட்ஸ் காலால உதைச்சான். கொடுவாளைக் கையில குடுத்தான். வெளியே வந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இன்னும் வெட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஒதீல் தோகை இடுக்குக்கு இன்னும் நெருங்கி வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "உன் காலடியில ஏதாவது வந்துச்சா?"

செவ்ரினின் கத்தி நின்றது. "ஈரம் இருந்துச்சு. ஒரு கை அள்ளுற அளவுக்கு. யாரும் பாக்குறதுக்கு முன்னாடி நானே மண்ணைத் தள்ளித் தள்ளி மூடிடுவேன். கொஞ்ச நாள்ல நின்னுபோச்சு."

"இவ்வளவும் தெரிஞ்சும் கடைசித் தோகையை நீதான் கட்டினே."

"நான்தான் கட்டினேன். மத்தவங்க கட்டினா அவிழ்ந்துடும்னு நானே கட்டினேன்." அவள் குரல் உயர்ந்தது. "கட்டாம என்ன செய்ய? வீடு போயிடும். வேலை போயிடும். பட்டணத்துக்குப் போன பொண்ணு ஒருத்தியாவது திரும்பி வந்து நான் பாத்திருக்கேனா? நீயும் போயிட்டா நான் யாரைத் திட்டுவேன்? சுவரையா?"

"கோர்பேக்குக் கரும்பு வெட்டினே. இப்போ எனக்கும் கோர்பே வேலையைத்தான் செய்யறே."

செவ்ரின் எழுந்து தோகைச் சுவரில் ஓங்கி அறைந்தாள். மகளை அடிக்க நீண்ட கை, நடுவில் தோகை இருந்ததால் தோகையை அடித்தது. காய்ந்த தோகையின் விளிம்பு உள்ளங்கையைக் கீறியது. அவள் கிழங்குச் சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அக்டோபரின் முதல் திங்கட்கிழமை விடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது, வேலைக்குப் போகும் உடையில், இடுப்பில் கொடுவாளோடு, செவ்ரின் குடிசைக்கு வந்தாள். முடிச்சை அவிழ்க்கவில்லை. அறுத்தாள். பிறகு திரும்பிக் குந்தி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள்.

"ஏறு."

"எங்கே?"

"முதுகுல ஏறுடி. பஸ் ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போறேன். கால் மண்ணுல படாது. முறையும் கெடாது, கரும்பும் கெடாது, வீடும் போகாது. எல்லாரையும் கேட்டுட்டேன்."

கேட்டிருந்தாள். சின்னாதாம்பி அம்மனுக்குச் சம்மதம் என்றிருந்தார். ஊருக்கும் சம்மதம். ஒதீலுக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்கவில்லை. ஆனால் பஸ் மலை வளைவில் ஊதும் சத்தம் கேட்டுவிட்டது, யோசிக்க நேரமில்லை. துணி மூட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒதீல் அம்மாவின் முதுகில் ஏறினாள்.

முசே கோர்பேயின் மிக நல்ல கரும்புக்கு நடுவே போன பாதையில் அவர்கள் இறங்கினார்கள். மகள் வளர்ந்துவிட்டாள். அவள் கால்கள் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கின. அம்மாவின் முதுகெலும்பு ஒவ்வொன்றும் ஒதீலின் வயிற்றில் தெரிந்தது, அம்மாவின் மூச்சு அவள் மார்பில் இரைந்தது. பின்னால் ஊரே வந்தது. வழியனுப்ப வந்தது என்று நினைத்தால் தப்பு. எல்லோர் கையிலும் குடுவையோ தாம்பாளமோ இருந்தது.

"இறக்கி விடு மம்மா. நான் நடக்கறேன்."

"பேசாம வா."

"பள்ளிக்கூடத்துக்குள்ளயும் தூக்கிட்டு வருவியா? வகுப்புலயும் உன் முதுகுலயே உக்காந்துக்கவா?"

"வாயை மூடு. மூச்சு வாங்குது."

"செவ்ரின்!" மான் தீதீ பின்னாலிருந்து கூப்பிட்டாள். "பஸ்ல ஏத்துறதுக்கு முன்னாடி இந்தத் தாம்பாளத்துல ஒரு தடவை இறக்கேன். இனி எப்போ வருவாளோ என்னவோ. இத்தனை நாள் கண்ணா வெச்சுக் காப்பாத்தின நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

செவ்ரின் திரும்பவில்லை. நடந்தாள். பாதை அகலமாகும் இடத்தில் கோவேறு கழுதைமேல் முசே கோர்பே நின்றுகொண்டிருந்தான். தொங்கும் கால்களைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். திருப்தியாகத் தலையாட்டினான்.

"நல்ல ஏற்பாடு செவ்ரின். இப்படியே செய். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் இதேபோலத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டுச் சமையற்கட்டில் இறக்கு. அங்கே கல் தரை. அங்கே மட்டும் அவள் நடக்கலாம்."

செவ்ரின் நின்றாள். அவள் முதுகு நின்றதை ஒதீல் தன் உடம்பு முழுவதாலும் உணர்ந்தாள். இரைந்துகொண்டிருந்த மூச்சும் நின்றது.

பிறகு அந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது. பிடித்திருந்த கைகள் விலகின. ஒதீல் வழுக்கிக்கொண்டு இறங்கினாள். முசே கோர்பேயின் மிக நல்ல கரும்புக்கு நடுவே, செம்மண்ணில், இரண்டு கால்களும் பதிய நின்றாள். குபுக்கென்று தண்ணீர் ஊறியது.

"வீடு போயிடும் மம்மா" என்றாள்.

"அது கோர்பேயோட வீடுதானே. போகட்டும்." செவ்ரின் முகத்து வியர்வையைத் தோளில் துடைத்தாள். "நட. பம்மிப் பம்மி நடக்காதே. அழுத்தி மிதி."

ஒதீல் நடந்தாள். கணுக்கால்வரை தண்ணீர் வந்தது. சங்கரா மீன்கள் சிவப்பாகத் துள்ளின. நண்டுகள் கரும்புக் கணுவில் ஏறின. உப்பு வாடை அந்த உயரத்தில் முதல் தடவையாகக் காற்றாக வீசியது. இரண்டு பக்கமும் தோகைகள் சடசடவென்று வெளுத்தன. பின்னால் கழுதை மிரண்டு கத்தியது, கோர்பே ஏதோ கத்தினான், குடுவைகள் ஒன்றோடொன்று மோதின, ஊர் பழக்க தோஷத்தில் குனிந்தது. அப்போது கொடுவாள் இடுப்பிலிருந்து உருவப்படும் சத்தம் கேட்டது.

"இதுல ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்றது அம்மாவின் குரல்.

"பசிக்குதுடி செவ்ரின்!" என்றது மான் தீதீயின் குரல்.

"எனக்கும்தான் பசிச்சுது. நானும்தான் தின்னேன். போதும்."

"அம்மன் கோபிப்பா!" என்றது சின்னாதாம்பியின் குரல்.

"அவ எதுக்குக் கோபிக்கிறாள்னு நீ அர்த்தம் சொல்ல வேண்டாம். நேரா எங்கிட்ட வந்து சொல்லட்டும்."

ஒதீல் திரும்பிப் பார்க்க நினைத்தாள். திரும்பினால் நின்றுவிடுவோம் என்று பயந்தாள். பஸ் வந்து நின்றிருந்தது. ஏறினாள். கூடைகளுக்கும் கோழிகளுக்கும் நடுவே ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அங்கிருந்து கரும்புச் சரிவு முழுவதும் தெரிந்தது.

பச்சைக்கு நடுவே அவள் நடந்துவந்த வழி வெள்ளைக் கோடாகப் பளபளத்தது. அதன் தொடக்கத்தில் செவ்ரின் உட்கார்ந்திருந்தாள். வேலை நேரத்தில், மேலாளின் கண்ணெதிரில், அந்த மண்ணில் பிறந்ததிலிருந்து ஒரு தடவையும் செய்யாததைச் செய்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கொடுவாள் மடியில் குறுக்கே கிடந்தது. கோர்பே கழுதைமேலிருந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் அவனை அண்ணாந்து பார்க்கவேயில்லை. தண்ணீர் நிறைந்த குழிகளில் இரண்டு காலையும் விட்டு, விரல்களை அசைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் முன்னால் இருந்த ஒரு கிழவர் கோழிக்கூடையை மடிமேல் தூக்கிக்கொண்டார். அடுத்தவள் மூட்டையைத் தூக்கினாள். தண்ணீர் இருக்கைகளுக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையடித்தது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கத்தினார்: "யாரது? ஏய், ஜன்னலோரத்துப் பொண்ணே, உன் காலடியிலேருந்துதானே வருது? காலை மேலே தூக்கி வெச்சுக்கோ!"

"மாட்டேன்" என்றாள் ஒதீல்.

பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் இரண்டு பாதங்களையும் இரும்புத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டாள்.